மூணு நிமிஷப் படம், முப்பது நிமிஷப் பேச்சு

(திருவொற்றியூரில் நடந்த நமது கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. அன்று வர முடியாத கிராமத்துக் குழு உறுப்பினர்களும் படித்துப் பயன்பெற வேண்டும் என்பதற்காகப் பேசியபடியே இங்கே தருகிறோம்.)



பொம்மைப் படங்களைக் காட்டி சமூக விஷயங்களைப் பேசுவது எப்படி என்று சொல்லுங்கள் என எங்களைக் கேட்டிருக்கிறார்கள். பொம்மைப் படம் என்றதும் சிலர் சிரிப்பது தெரிகிறது. பிள்ளைக்குச் சோறு ஊட்ட செல்போனில் போட்டுக் கொடுக்கிறோமே, அந்தக் கார்ட்டூனைப் பற்றியா இவ்வளவு பெரிய கூட்டத்தில் பேச்சு என்று நினைக்கலாம். ஆமாம், அதைப் பற்றித்தான். கடந்த சில வருஷங்களில் எங்கள் அனுபவத்தில் கண்டது, தடுக்கி விழுந்தது, கற்றுக்கொண்டது எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்கிறோம்.

முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. நம்ம குழுவில் அனிமேட்டர் என்று யாரைச் சொல்கிறோம்? கூட்டத்தைக் கூட்டுபவர், பேசாதவரைப் பேச வைப்பவர், நோட்டைப் பார்ப்பவர், பேங்க்குக்கு முன்னால் நிற்பவர். 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கிய நாளிலிருந்து நமக்குப் பழகிய சொல் இது. தமிழில் ஊக்குநர் என்று எழுதினாலும் வாயில் வருவது அனிமேட்டர்தான். பொம்மைப் படம் வரைந்து அதை நடக்க வைப்பவருக்கும் அதே பெயர்தான். இரண்டுமே லத்தீன் மொழியில் உயிர், மூச்சு என்று பொருள் தரும் ஒரு சொல்லிலிருந்து வந்தவை. அசையாத படத்துக்கு உயிர் கொடுப்பவர் அவர். அசையாத கூட்டத்துக்கு உயிர் கொடுப்பவர் நம்ம அனிமேட்டர். இந்த இரண்டு அனிமேட்டரும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும் என்பதுதான் இன்றைக்கு நாங்கள் சொல்ல வந்த விஷயம்.

நாங்கள் தடுக்கி விழுந்த கதை

லண்டனில் 1754-ல் தொடங்கிய ஒரு பழைய சங்கம் இருக்கிறது. ஆர்.எஸ்.ஏ. என்று சொல்வார்கள். தங்கள் மேடையில் பெரிய அறிஞர்கள் மணிக்கணக்கில் பேசியதைப் பத்துப் பதினோரு நிமிஷமாகச் சுருக்கி, பேச்சுக்கு ஏற்றபடி ஒரு கை வெள்ளைப் பலகையில் படபடவென்று படம் வரைந்துகொண்டே போவதுபோல 2010-ல் வெளியிட ஆரம்பித்தார்கள். கல்வியைப் பற்றி கென் ராபின்சன் பேசிய பேச்சு அதில் மிகவும் பெயர் பெற்றது. மணி அடித்து, வயசு வாரியாகப் பிரித்து, பள்ளிக்கூடத்தைத் தொழிற்சாலை மாதிரி நடத்துகிறோமே, இது சரியா என்பது அவர் கேட்ட கேள்வி. உலகம் முழுக்க ஒரு கோடிக்கும் மேற்பட்ட முறை பார்க்கப்பட்ட படம்.

நாங்கள் கல்லூரியில் சமூகப்பணி படித்தவர்கள். எங்களுக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. தொழிற்சாலைச் சங்குச் சத்தத்திலேயே வாழும் திருவொற்றியூர் பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான படம் உண்டா என்று நினைத்தோம். ஒரு குழுக் கூட்டத்துக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனோம். படம் இங்கிலீஷ். நாங்கள் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னோம். அவர் பேசுவது வேகம், நாங்கள் சொல்வது அதைவிட வேகம். படம் முடிந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்டோம். ஒரு வயதான அம்மா சொன்னார்: "நல்லா வரையறாரும்மா. ஆனா யாருக்கு வரையறாரு?"

எங்களுக்கு முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. அந்த அம்மா படத்தைக் குறை சொல்லவில்லை. படம் அவர் பக்கம் திரும்பவே இல்லை என்பதைத்தான் சொன்னார். நாங்களும் பதினோரு நிமிஷம் படத்துக்கு வழி விட்டோமே தவிர, அவருக்குப் பேச ஒரு நிமிஷம்கூட விடவில்லை.

நம்ம மண்ணில் இது புதுசா?

இல்லை. விளக்குக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டித் தோல்பாவைக் கூத்து நடத்தினார்களே, அதுவும் படம் அசைவதுதான். அறிவொளி இயக்கக் காலத்தில் கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் பாட்டும் நாடகமுமாகப் போனதை இங்கே இருக்கும் மூத்த சகோதரிகள் பார்த்திருப்பீர்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றதும் அந்த இயக்கத்தோடு வந்ததுதான்.

பொம்மைப் படம் என்று பார்த்தால், 1974-ல் பிலிம்ஸ் டிவிஷன் வெளியிட்ட ஏழு நிமிஷப் படம் ஒன்று. விஜயா முலே என்ற கல்வியாளர் உருவாக்கியது, பீம்சேன் அதற்குப் படங்களை உயிர்ப்பித்தார். ஒன்று என்றால் என்ன, பல என்றால் என்ன, ஒற்றுமை என்றால் என்ன என்று அக்கா தம்பிக்குச் சொல்வாள். வலையில் மாட்டிய பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் சிறகடித்து வலையோடு பறந்துபோகும், எலிகள் வந்து வலையைக் கடித்து விடுவிக்கும். நம்ம பாட்டி சொன்ன கதைதான். இந்தி தெரியாத எங்கள் வீட்டிலும் சின்ன வயசில் தூர்தர்ஷனில் அதைப் பார்த்தோம், கதை புரிந்தது. தேசிய விருதும் பெற்ற படம் அது.

அடுத்தது மீனா. யுனிசெப் நிறுவனம் தெற்காசிய நாடுகளுக்காக உருவாக்கிய ஒன்பது வயசுப் பொம்மைப் பெண். முதல் படம் 1993-ல் வங்கதேசத் தொலைக்காட்சியில் வந்தது. மும்பையைச் சேர்ந்த ராம்மோகன் என்ற ஓவியர்தான் இயக்கினார். 2014-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, 2019-ல் காலமானார். மீனாவை எப்படி உருவாக்கினார்கள் என்பதுதான் நமக்குப் பாடம். ஒரு அறையில் உட்கார்ந்து வரைந்துவிடவில்லை. பல நாட்டுக் கிராமங்களுக்கு வரைந்த படங்களை எடுத்துப்போய், "இந்தப் பொண்ணு உங்க ஊர்ப் பொண்ணு மாதிரி இருக்கிறாளா? இந்த உடுப்பு சரியா? கதை இப்படிப் போகலாமா?" என்று பிள்ளைகளிடமும் பெற்றவர்களிடமும் கேட்டுக் கேட்டு மாற்றினார்கள். எந்த நாட்டுக்காரரும் எங்க வீட்டுப் பெண் என்று சொல்ல வேண்டும் என்பதற்காக மீனா என்ற பெயரையே தேர்ந்தெடுத்தார்கள்.

முதல் கதையில் மீனாவைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள். அவள் தன் கிளி மித்துவை அனுப்பிப் பாடம் கேட்டு வரச் சொல்வாள். கிளி சொன்ன கணக்கை வைத்துக் கோழிகளை எண்ணுவாள், ஒன்று குறையும், திருடன் பிடிபடுவான். பெண் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு என்று கேட்ட அப்பா வாயடைத்துப் போவார். "பெண்கல்வி நாட்டின் முன்னேற்றம்" என்று சுவரில் எழுதிப் போடுவதற்கும், ஒரு கோழி குறைந்ததைக் கண்டுபிடிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்க.

மாம்பழத்தில் ஆரம்பித்த பேச்சு

லண்டன் படத்தில் சூடு பட்ட நாங்கள், அடுத்த முறை மீனாவின் மாம்பழக் கதையை எடுத்துக்கொண்டு ஒரு குப்பத்துக் குழுவுக்குப் போனோம். இந்த முறை சத்தத்தைக் குறைத்துவிட்டு நாங்களே கதை சொன்னோம். நடுநடுவே நிறுத்தினோம்.

கதை இதுதான். வீட்டில் மாம்பழத்தைப் பங்கு போடுகிறார்கள். கூடப் பிறந்த ராஜுவுக்குப் பெரிய துண்டு, மீனாவுக்குச் சின்னது. ராஜு நிறைய வேலை செய்கிறான், அவனுக்குத்தான் பசி என்று காரணம். சரி, ஒரு நாள் வேலையை மாற்றிக்கொள்வோம் என்கிறார்கள். மீனாவின் வேலையைச் செய்து ராஜுவுக்கு மூச்சு வாங்குகிறது. ராத்திரி மீனாவின் பங்குச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் பசி அடங்காமல் உட்கார்ந்திருக்கிறான்.

மாம்பழத்தை வெட்டும் இடத்தில் படத்தை நிறுத்தினோம். "மீனா அம்மா செய்தது சரியா?" அவ்வளவுதான் கேட்டோம். முதலில் எல்லோரும் மீனா வீட்டைப் பற்றித்தான் பேசினார்கள். "அந்த அம்மா அப்படித்தான் வளர்ந்திருப்பாங்க." "ஆம்பளப் பிள்ளன்னா ஒரு துண்டு ஜாஸ்திதான்." கொஞ்ச நேரத்தில் ஒரு அக்கா மெதுவாகச் சொன்னார்: "எங்க வீட்ல வஞ்சிரம் வாங்குனா நடுத்துண்டு அவருக்கு. தலையும் வாலும் எனக்கும் பொண்ணுக்கும். நான்தான் அப்படிப் போடறேன். யாரும் என்னைப் போடச் சொல்லல."

கூட்டம் அப்படியே அமைதியாகிவிட்டது. அந்த அக்கா ரெண்டு வருஷமாகக் கூட்டத்தில் வாயே திறக்காதவர். பொம்மைப் படத்தின் பெரிய பலம் இதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது. உண்மை மனுஷர் நடித்த படமாக இருந்தால், இது எந்த ஊர், எந்த சாதி, எவ்வளவு வசதி என்று கண் போய்விடும். பொம்மைக்கு அதெல்லாம் குறைவு. நம்ம கதையைக் கொஞ்ச நேரம் அதன் தலையில் இறக்கி வைத்துப் பேசலாம், யாரும் யாரையும் காட்டிக்கொடுத்ததாகாது. பிறகு தைரியம் வரும்போது அவரவர் கதையை அவரவரே எடுத்துக்கொள்வார்கள்.

அந்தச் சமயம் பார்த்து ஒரு கணக்கைச் சொன்னோம். 2019-ல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க ஒரு நேரக் கணக்கெடுப்பு நடத்தியது. சமையல், பாத்திரம், துணி என்று கூலி இல்லாத வீட்டு வேலையைச் செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிஷம் செலவிட்டார்கள். ஆண்களில் அந்த வேலையைச் செய்ததே 100-க்கு 26 பேர்தான். செய்தவர்களும் 97 நிமிஷம். கணக்கு வெறும் கணக்காக வந்திருந்தால் காற்றோடு போயிருக்கும். மாம்பழத்துக்குப் பிறகு வந்ததால் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். 2023 செப்டம்பர் 15-ல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது அதற்கு உதவித் தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத் தொகை என்று ஏன் வைத்தார்கள் என்பதும் அந்தக் கூட்டத்தில்தான் பேச்சாக வந்தது. யாரும் பாடம் நடத்தவில்லை.

சொல்லுக்கு இருக்கும் பலத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்ம எண்ணூர் கழிமுகத்திலேயே எடுத்த படம் ஒன்று உண்டு. 2017 ஜனவரியில் வந்த "சென்னை பொறம்போக்கு பாடல்". டி.எம்.கிருஷ்ணா பாடியது, கபேர் வாசுகி எழுதியது. பொம்மைப் படம் இல்லை, பத்து நிமிஷத்துக்குள் முடியும் பாட்டுப் படம். நாம் திட்டுவதற்குப் பயன்படுத்தும் அந்த வார்த்தைக்கு உண்மையில் என்ன அர்த்தம்? வரி போடாமல் ஊருக்குப் பொதுவாக விட்டு வைத்த இடம். ஏரி, ஆறு, மேய்ச்சல், கடற்கரை. கிராமத்துச் சகோதரிகளுக்கு மந்தைவெளியும் குளக்கரையும் மாதிரி, இங்கே இறாலும் நண்டும் தந்த கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகம். அதில் சாம்பல் படிந்ததை அந்தப் பாட்டு காட்டியது. ஒரு வசவுச் சொல்லை எடுத்து, இது நம்ம எல்லோருடைய சொத்து என்று திருப்பிப் போட்டார்கள். பெரிய விஷயம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

அமோனியா வந்த ராத்திரி

இனி சொல்லப்போவது பல பேருக்குக் கண்முன் நிற்கும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிமுகம் முழுக்கக் கறுப்பாகி, படகும் வலையும் வீட்டுச் சுவரும் பிசுபிசுத்துக் கிடந்தது. அதைத் துடைத்து முடிப்பதற்குள் டிசம்பர் 26 நள்ளிரவு நேரத்தில் கடலுக்குள் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

பிறகு குழுக் கூட்டங்களில் கேட்டோம், "எந்தப் பக்கம் ஓடினீங்க?" என்று. ஆளுக்கொரு பக்கம். நாற்றம் துரத்திய பக்கமே ஓடியவர்களும் உண்டு. செல்போனில் அந்த ராத்திரி வந்த செய்திகளில் பாதி பொய். அப்போதுதான் முடிவு செய்தோம், நம்ம படத்தை நாமே எடுப்போம் என்று.

பணம் கிடையாது. கையால் வரைந்து முறையாக எடுத்தால் ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படமாவது வேண்டும். மூணு நிமிஷத்துக்கு ரெண்டாயிரத்துக்கு மேல். நம்மால் ஆகாது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் நம்ம குழுப் பிள்ளைகள் ஒரு வழி சொன்னார்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஆள், வீடு, படகு எல்லாம் வெட்டினோம். நீலப் புடவைத் துண்டு கடல். பஞ்சு புகை. ரெண்டு ஸ்டூலுக்கு நடுவே பலகை போட்டு, செல்போனைக் கவிழ்த்துக் கட்டி, பொம்மையை ஒரு விரக்கடை நகர்த்துவது, ஒரு போட்டோ எடுப்பது, மறுபடி நகர்த்துவது. ஐந்நூறு போட்டோ வரை எடுத்திருப்போம். வரிசையாக ஓட்டினால் பொம்மை விந்தி விந்தி நடந்தது. நடந்ததே, அது போதும்.

முதல் படத்தில் நாங்கள் சொன்னது: "வாயு கசிந்தால் ஈரத் துணியால் மூக்கை மூடுங்கள், உடனே வெளியேறுங்கள்." இங்கிலீஷ் கையேட்டைப் பார்த்து எழுதினோம். குழுவில் போட்டுக் காட்டினோம். மீன் விற்கும் ஒரு பாட்டி கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "படத்துல காத்தே காணோமே! காத்து எங்கேர்ந்து அடிக்குதுன்னு தெரியாம எந்தப் பக்கம் போறது? வாடையில ஒரு வழி, கொண்டல்ல ஒரு வழி."

நாங்கள் பட்டம் வாங்கியவர்கள், எங்களுக்குத் தோன்றாதது அது. படத்தைத் திரும்ப எடுத்தோம். படகில் ஒரு கொடி, கொடிக்கயிற்றில் ஒரு புடவை. அது எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கம்தான் வாயுவும் போகும். அதோடு சேர்ந்து ஓடாதே, அதற்குக் குறுக்கே போ. கடலிலிருந்து கொண்டல் அடித்தால் ரோட்டோடு வடக்கிலோ தெற்கிலோ நகரலாம். வடக்கிலிருந்து வாடை அடித்தால் மேற்கே ரோட்டைத் தாண்ட வேண்டும். ராத்திரியில் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிற்கும் ரோடு அது. பிள்ளைகளை எந்த இடத்தில் தாண்ட வைப்பது? இதை அந்தத் தெருப் பெண்களே படத்தில் கோடு போட்டுக் காட்டினார்கள். நடக்க முடியாதவர் வீட்டில் இருந்தால் கதவு ஜன்னலை அடைத்து இடுக்கில் ஈரத் துணி வைக்க வேண்டும். அமோனியா தண்ணீரில் கரையும், அதனால்தான் ஈரத் துணி. கண் எரிந்தால் தேய்க்காமல், நல்ல தண்ணீரால் பதினைந்து நிமிஷமாவது கழுவிக்கொண்டே இருந்து, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

படம் மூணு நிமிஷம். அதற்குப் பிறகு நடந்த பேச்சுதான் முக்கியம். ஒரு இளம் தாய் கேட்டார்: "கசிஞ்சா ஓடறது எப்படின்னு எங்களுக்குச் சொல்லித் தர்றீங்க. கசியாம பாத்துக்கறது எப்படின்னு அவங்களுக்கு யாரு சொல்லித் தர்றது? கசிஞ்சா எங்களுக்கு யாரு வந்து சொல்லணும்?"

எங்களிடம் உடனே பதில் இல்லை. தேடிப் படித்துவிட்டு அடுத்த கூட்டத்தில் வந்து சொன்னோம். 1984 டிசம்பர் 2-ம் தேதி ராத்திரி போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானவர் செத்துப்போனார்கள். தங்கள் பக்கத்தில் என்ன இருக்கிறது என்றே அந்த மக்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகுதான், 1987-ல், தொழிற்சாலைகள் சட்டத்தில் 41-பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஆபத்தான பொருளைக் கையாளும் ஆலை, அதன் ஆபத்து என்ன, பாதுகாப்பு என்ன என்று தொழிலாளிக்கு மட்டுமல்ல, அக்கம்பக்கத்து மக்களுக்கும் சொல்ல வேண்டும் என்றது அது. பிறகு வந்த 2020-ம் வருஷத்துத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்தக் கடமை இருக்கிறது. 1989-ல் வந்த அபாயகர ரசாயன விதிகள், ஆலைக்கு வெளியே உள்ள மக்களுக்கான அவசரத் திட்டம் இருக்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு முறையாவது ஒத்திகை நடக்க வேண்டும் என்கின்றன.

"அப்போ கேக்கறது நம்ம உரிமை, அவங்க தயவு இல்ல" என்றார் அந்தப் பெண். எல்லோரும் கையெழுத்துப் போட்டு சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் மனு கொடுத்தோம். ரெண்டு முறை அலைய வைத்தார்கள். மூன்றாவது முறை குழுப் பெண்கள் செல்போனில் அந்தப் படத்தையே மேஜை மேல் வைத்துப் போட்டுக் காட்டினார்கள். பிறகு ஒரு குப்பத்தில் வந்து விளக்கக் கூட்டம் நடத்தினார்கள். ஒத்திகை இன்னும் பாக்கி இருக்கிறது. நாங்கள் விடுவதாக இல்லை.

எல்லாப் படத்தையும் நம்பலாமா?

கூடாது. இதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். பொம்மைப் படம் நல்லதைச் சுலபமாக மனசுக்குள் கொண்டுபோகும் என்றால், கெட்டதையும் அதே சுலபத்தில் கொண்டுபோகும்.

நம்ம உறுப்பினர் ஒருவர் செல்போனில் ஒரு கார்ட்டூன் விளம்பரம் பார்த்தார். ஒரு பொம்மைப் பெண் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் அழுகிறாள், பட்டனைத் தட்டுகிறாள், பணம் மழையாகக் கொட்டுகிறது, சிரிக்கிறாள். முப்பது வினாடி. இவரும் தட்டினார். 5,000 ரூபாய் கடன் என்றார்கள். கட்டணம் என்று பிடித்துக்கொண்டு கைக்கு வந்தது 3,500. ஏழு நாளில் 5,000 கட்டு என்றார்கள். கட்ட முடியாதபோது அவர் செல்போனில் இருந்த சொந்தக்காரர் எல்லோருக்கும் அசிங்கமாகச் செய்தி அனுப்பினார்கள். அவர் தன் உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்று நினைத்ததாகப் பிறகு எங்களிடம் சொல்லி அழுதார்.

கணக்குப் பாருங்க. 3,500 ரூபாய்க்கு ஏழு நாள் வட்டி 1,500. நம்ம குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் மாத வட்டியில் அதே 3,500-ஐ எடுத்திருந்தால் ஏழு நாளுக்கு வட்டி எட்டு ரூபாய் சொச்சம். இந்த எட்டையும் அந்த ஆயிரத்து ஐந்நூறையும் பக்கம் பக்கமாகப் படம் வரைந்து காட்டினோம். அதற்கு மேல் நாங்கள் பேச வேண்டியிருக்கவில்லை. யாராவது இப்படி மாட்டிக்கொண்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். குழுவில் சொல்லுங்கள். சைபர் மோசடிகளுக்கு 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம்.

உங்கள் குழுவில் படம் காட்டும்போது

எங்கள் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள். அனிமேட்டர்களும் பிரதிநிதிகளும் குறித்துக்கொள்ளுங்கள்.

1. படம் அஞ்சு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். நீளமான படமாக இருந்தால் வேண்டிய துண்டை மட்டும் காட்டுங்கள்.

2. முதலில் நீங்கள் தனியாக ரெண்டு முறை பாருங்கள். எந்த இடத்தில் நிறுத்துவது என்று முடிவு செய்யுங்கள். கதை முடிச்சு விழும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

3. நிறுத்தியதும் "என்ன புரிஞ்சது?" என்று கேட்காதீர்கள். அது பரீட்சைக் கேள்வி, பயம் வரும். "இவங்க செஞ்சது சரியா? நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள்.

4. பேசாதவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர் பேசும்வரை அடுத்த துண்டைப் போட அவசரப்படாதீர்கள்.

5. இந்தப் படத்தை யார் எடுத்தது, யார் காசு போட்டது, இதைப் பார்த்து நாம் தட்டினால் யாருக்கு லாபம் என்று கடைசியில் கட்டாயம் கேளுங்கள். எங்கள் படத்துக்கும் இதே கேள்விதான்.

6. படத்தில் நம்ம ஊர் இல்லையென்றால், எது மாறினால் நம்ம ஊராகும் என்று கேளுங்கள். அந்தப் பாட்டி காற்றைக் கொண்டுவந்தது மாதிரி யாராவது ஒன்றைக் கொண்டுவருவார்கள்.

7. செல்போன் சின்னதாக இருக்கிறது என்று கவலை வேண்டாம். ஆறேழு பேராகப் பிரிந்து பாருங்கள். செல்போனே இல்லாத குழு அட்டைப் படத்தை வரிசையாகக் காட்டினாலும் போதும்.

8. கூட்டம் முடியும்போது, இந்த மாசம் நாம் செய்யப்போகும் ஒரு வேலை என்ன என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள். ஒன்றே ஒன்று போதும்.

கிராமத்துச் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். எங்களுக்கு அமோனியா என்றால் உங்களுக்கு ஏரி ஆக்கிரமிப்பாக இருக்கலாம், நூறு நாள் வேலைக் கூலியாக இருக்கலாம், படிப்பை நிறுத்திய பெண் பிள்ளையாக இருக்கலாம். அதை மூணு நிமிஷக் கதையாகச் சொல்லிப் பாருங்கள். பழைய பத்திரிகை அட்டையும் ஒரு கத்தரிக்கோலும் எல்லா வீட்டிலும் இருக்கின்றன. எடுக்கச் சொல்லித் தர நம்ம ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தயார் என்று சொல்லியிருக்கிறார்கள், பஸ் காசு மட்டும் கொடுத்தால் போதுமாம்!

கடைசியாக ஒன்று. வஞ்சிரத்தின் நடுத்துண்டைப் பற்றிச் சொன்ன அந்த அக்காவைப் போன மாதம் பார்த்தோம். "இப்ப எப்படிக்கா?" என்று கேட்டோம். "நடுத்துண்ட வாரத்துக்கு ஒருத்தருக்குன்னு வெச்சிட்டேன். போன வாரம் எம் பொண்ணுக்கு. அவரு ஒண்ணும் சொல்லல, தட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு" என்று சிரித்தார். அவர் வாரம் எப்போது என்று கேட்டோம். "அது இன்னும் வரல" என்றார். அந்த அக்கா இன்றைக்கு இந்தக் கூட்டத்தில்தான் எங்கோ உட்கார்ந்திருக்கிறார். அக்கா, இந்த வாரம் உங்க வாரமா இருக்கட்டும்.